நாச்சிமுத்து லேப்டாப் பார்க்கப் போன கதை

எங்கள் சென்னிமலைப் பக்கத்தில் ஒரு பொருள் மனசுக்குப் பிடித்துவிட்டால் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் விலை ஏறிவிடும் என்பது தாய்ப்பாலோடு ஊட்டப்படுகிற பாடம். அதனால் நாங்கள் பிடித்த மாட்டைச் சுழி சரியில்லை என்போம், பிடித்த வீட்டுக்கு வாசல் தெற்குப் பார்த்திருக்கிறது என்போம், சம்பந்தி வீட்டு பஜ்ஜியை இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டே உப்புக் கம்மி என்போம், மலைமேல் இருக்கிற முருகனிடம்கூடப் போன தடவை கேட்டது கொஞ்சம் தாமதமாகத்தான் நடந்தது என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேண்டுதலை வைப்போம். இப்படிப்பட்ட ஊரிலேயே குறை சொல்வதில் ஒருவர் பெயர் எடுத்தார் என்றால் அவர் எப்பேர்ப்பட்டவராக இருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவர்தான் நாச்சிமுத்து.

நெசவாளர் சங்கத்துக்கு நூல் வாங்குகிற வேலை அவருக்கு. ஒரு நூல் கோனைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குத் தூக்கி, உதட்டைப் பிதுக்கி, "முறுக்கு கம்மியாட்ட இருக்குதுங்களே" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் வியாபாரியே விலையை இறக்கிவிடுவார். ஊரில் யார் எதை வாங்கப் போனாலும், பழைய டிராக்டரோ புது நாதஸ்வரமோ, நாச்சிமுத்துவை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டுதான் போவார்கள். அவருக்கு அந்தச் சாமானைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாமல் இருந்தால் குறை இன்னும் தாராளமாக வரும்.

அவர் மனைவி கலாமணி பெட்ஷீட்டுக்கு டிசைன் போடுகிறவள். அவள் அந்தத் தொழிலுக்கு வந்ததே நாச்சிமுத்துவால்தான், ஆனால் அதில் அவர் பெருமைப்பட ஒன்றும் இல்லை. கல்யாணமான நாள் முதல் அவள் எதைச் சொன்னாலும் அவர் "ஆங்?" என்பார். சந்தையின் அந்தக் கோடியில் ஒருவர் விலை சொன்னால் இந்தக் கோடியில் அவருக்குக் கேட்கும். கலாமணி பக்கத்தில் நின்று பேசுவது மட்டும் அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரிதான் காதில் விழும். புருஷன்மாருக்கு இது உள்ளதுதான் என்று ஊர் அதைக் கண்டுகொள்ளவில்லை. எழுதிக் கொடுத்தால் கையெழுத்து கோணல் என்பார். ஆகவே கலாமணி வரைய ஆரம்பித்தாள். தேங்காய் வேண்டுமென்றால் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு தேங்காயை வரைந்து அவர் சட்டைப்பையில் வைப்பாள், கேஸ் தீர்ந்தால் சிலிண்டரை வரைவாள், மழை வரும்போல இருந்தால் குடையை வரைவாள், கோபம் வந்தால் அவரையே வரைந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் தலைகீழாக ஒட்டிவைப்பாள். வரைந்து வரைந்து கை தேறி, கம்ப்யூட்டரில் டிசைன் போடக் கற்று, ஊரில் பாதித் தறிகளில் அவள் போட்ட பூக்கள் ஓடின. ஆனால் ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் கரூரிலிருந்து ஒரு ஏற்றுமதிக்காரர், உங்கள் சொந்த டிசைனாக ஒரு செட் கொடுங்கள், ஓரத்தில் உங்கள் பெயரைப் போட்டே நெய்கிறோம், ஆவணி முதல் தேதி கைக்கு வரவேண்டும் என்று சொன்னார். அதைக் கேட்ட சந்தோஷத்தில் கலாமணி கம்ப்யூட்டரைப் போட, அது "டப்" என்று ஒரு சத்தம் கொடுத்து, கொஞ்சம் புகை விட்டு, ஆடி பிறந்த அன்றைக்கு உயிரை விட்டது. அவள் தனக்கென்று முன்பே போட்டுவைத்திருந்த டிசைன்கள், நிறம் சரிபார்க்கிற வேலை மட்டும் பாக்கியாக, பென்டிரைவில் நின்றன.

புதுசாக ஒன்று வாங்கலாம் என்றால், அவர்கள் கைக்கு எட்டுகிற புது லேப்டாப்பில் குங்குமச் சிவப்பும் செங்கல் சிவப்பும் ஒரே மாதிரித் தெரிந்தன. ஈரோட்டில் பழைய லேப்டாப்புகளைச் சரிபண்ணி விற்கிற ஜாபர் பாய் கடையில் ஒன்று இருந்தது; வருஷம் கொஞ்சம் ஆனது, ஆனால் ஒரு காலத்தில் பெரிய பெரிய மேனேஜர்கள் மட்டும் வைத்திருந்த ரகம், திரையில் நிறம் நிறமாகவே தெரியும். அதுதான் வேண்டும் என்று கலாமணி வரைந்து காட்டினாள். அவளே போய் வாங்கியிருக்கலாம். ஆனால் ஊருக்கெல்லாம் வாங்கிக் கொடுக்கிற மனுஷனை வீட்டில் வைத்துக்கொண்டு அவள் தனியாகப் போனால் ஊர் என்ன சொல்லும்?

ரங்கசாமியின் டீக்கடையில் பழசா புதுசா என்று பஞ்சாயத்து நடந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்றார் ஒருவர். அந்த யானைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா என்றார் இன்னொருவர். அவ்வளவு நல்ல சாமானாக இருந்தால் கம்பெனிக்காரன் எதற்குத் தள்ளிவிட்டான் என்று கேட்டவர், வயசாகிவிட்டது என்று தன் வீட்டு எருமையை அதே வாரம் தள்ளிவிட்டவர். கடைசியில், ஆடியில் புதுசு வாங்கக் கூடாது, பழசு வாங்கினால் தோஷம் இல்லை என்று ரங்கசாமி தீர்ப்புச் சொன்னார். லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தவர் அங்கே ஒருவரும் இல்லை.

ஜாபர் பாய் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வெள்ளி நிறத்தில் அலுமினிய உடம்பு, மூடியின் ஓரத்தில் ஒரு கீறல். ஒற்றை விரலால் மூடியைத் தூக்கினார்; விட்ட இடத்தில் நின்றது. திரை விழித்ததும் நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பெண் பார்க்கப் போன அன்றைக்கு அடித்துக்கொண்டதற்குப் பிறகு அப்படி அடித்துக்கொண்டதே இல்லை. பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் வாய் தன் வேலையைப் பார்த்தது.

"கீலு ஆடுதுங்களே பாய்."

"கீலா? ஏனுங்ணா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இதுல எது ஆடினாலும் கீலு ஆடாது."

"ஆடுதுங்க. நாம் போயிட்டு அடுத்த வாரம் வாரனுங்க."

முதல் தடவை போய் வாங்குவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. அவர் கடைப் படியை இறங்கினார், இரண்டாவது படியில் தலை சாய்ந்து தாடை நெஞ்சைத் தொட்டது. கையால் தூக்கி நிறுத்தினார், நின்றது, அப்புறம் மெதுவாக வலது பக்கம் சரிந்தது. கழுத்தின் கீல் கழன்றிருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் பார்த்துவிட்டு, சாய்த்துக்கொள்ள வசதியாக ஜன்னலோர சீட்டைக் காட்டினார்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வைத்தியர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் தேங்காயெண்ணெய் விடுங்கள் என்றார். சங்கத்தின் கூட்டத்தில்தான் நல்லது நடந்தது. எந்தத் தீர்மானத்துக்கும் ஒத்துக்கொள்ளாத நாச்சிமுத்துவின் தலை அன்றைக்குத் தானாக முன்னால் விழுந்து விழுந்து எழுந்தது, பல வருஷமாக அவரால் நின்றுபோயிருந்த கக்கூஸ் கட்டும் தீர்மானம் உட்பட எல்லாம் ஏகமனதாக நிறைவேறியது. தலைவர் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

அடுத்த வாரம் போனபோது லேப்டாப்பின் மூடியில் இருந்த கீறலைக் காணவில்லை. ஜாபர் பாய் விலையைக் கொஞ்சம் ஏற்றியிருந்தார்.

"பொருளு தேறியிருக்குதுங்ணா. நான் தொடக்கூட இல்லீங்க. தேறுன பொருளப் பழைய வெலைக்கு எப்படிக் குடுக்கறது?"

நாச்சிமுத்து ஒரு கையால் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார். போன வாரத்தைவிட இன்னும் பிடித்தது. "பேட்டரி நிக்காதுங்க" என்றார். "என்ன இருந்தாலும் பழசு பாருங்க."

பஸ் பெருந்துறை தாண்டுவதற்குள் அவர் அணைந்துபோனார். அன்றிலிருந்து காலையில் எழுந்து கொஞ்ச நேரம் நன்றாக நடமாடுவார், பிறகு பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் இறங்கி, கண் மங்கி, நின்ற இடத்தில் சாய்ந்துவிடுவார். ஒரு டீயை வாயில் ஊற்றினால் மறுபடி எழுவார். ரங்கசாமி அவருக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார். நாச்சிமுத்து சாய்ந்தாயிற்றா என்று கேட்டுத்தான் பெண்கள் மதியத்துக்கு உலை வைத்தார்கள். அவர் சாய்ந்த இடத்தில் வெயில் வந்தால் தறிக்காரர்கள் தூக்கி நிழலில் வைத்துவிட்டுப் போனார்கள், வரும்போது திருப்பி எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள். கலாமணி மட்டும் ஒவ்வொரு நாளும் காலண்டரைப் பார்த்தாள். ஆடி பாதிக்குமேல் போய்விட்டது. அவள் லேப்டாப்பைப் பெரிதாக வரைந்து, பக்கத்தில் ஆவணி முதல் தேதியை வரைந்து, அவர் சட்டைப்பையில் வைத்தாள். வாங்கிவிடலாம், இன்னும் ஒரே ஒரு தடவை என்று அவர் சொன்னார்.

மூன்றாம் தடவை போனபோது ஜாபர் பாய் உட்காரவைத்து உபசரித்தார். மேஜைமேல் நோய்ப்பட்ட லேப்டாப்புகளை வரிசையாக அடுக்கியிருந்தார்.

"ஏனுங்ணா, உங்க வாய் முகூர்த்தம் நல்ல முகூர்த்தமா இருக்குது. இதுகளையும் நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, தேறட்டும்."

நாச்சிமுத்து சந்தோஷமாகச் சொன்னார். இதற்கு ஸ்கிரீன் உடைந்திருக்கிறது, இதற்குப் பட்டன் இல்லை, இதில் எறும்பு குடியிருக்கிறது. எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த குறைகள். ஒன்றும் தேறவில்லை, அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அந்த வெள்ளி லேப்டாப்பைத் திறந்தார்கள். அதன் உடம்பு அன்றைக்குப் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல மின்னியது, விலை இன்னொரு படி ஏறியிருந்தது. திரையில் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. அப்படி ஒரு பச்சையை நாச்சிமுத்து நிஜக் கிளியிடம்கூடப் பார்த்ததில்லை. 

"கலரு வெளுத்துப்போச்சுங்களே பாய்" என்றார்.

சொல்லி வாயை மூடுவதற்குள் கிளி சாம்பலாகியது. ஜாபர் பாயின் சட்டை சாம்பலாகியது. தெருவில் போன சிவப்பு பஸ் சாம்பலாகப் போனது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்ட ஜாபர் பாய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து யோசித்தார்.

"புரிஞ்சுபோச்சுங்ணா. இருக்கற கொறையச் சொன்னா ஒண்ணும் ஆகறதில்ல. இல்லாத கொறையச் சொன்னீங்கன்னா அது உங்க மேல வந்து உக்காந்துக்குது, அதோட பழைய பாவமெல்லாம் தீந்து அது புதுசாயிருது. வீண்பழி சொன்னா அப்படித்தானுங்களே எங்கூட்ல பெரியவங்களும் சொல்லுவாங்க."

நாச்சிமுத்துவிடம் கேட்டு டீக்கடையில் ரங்கசாமி இதைச் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை, அவரவர் கணக்கைத்தான் பார்த்தார்கள். முதலில் ரங்கசாமியே, ஒரு ஸ்கூட்டரைப் பார்த்து மேடு ஏறாது என்று தான் வாய்க்கு வந்தபடி சொல்லி வாங்கியதையும், அந்த வருஷத்திலிருந்துதான் மலைப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்பதையும் சொன்னார். நல்ல வீட்டை ஒழுகும் என்று சொல்லி வாங்கியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே ஆமாம் என்றார். கறவை எருமையை முட்டும் என்று சொன்னவர் தன் மாமனார் வீட்டோடு எதற்குச் சண்டை வந்தது என்பது இப்போதுதான் விளங்குகிறது என்றார். எங்கள் ஊரில் நேராக நடக்கிறவர்கள் ஏன் இவ்வளவு கம்மி என்பதும் விளங்கியது. மெதுவாக வந்ததால் வயசு என்று நினைத்துக்கொண்டோம். லேப்டாப் வேகமான பொருள், உடனே காட்டிவிட்டது.

நாச்சிமுத்துவுக்குப் பெண் பார்க்கப் போன நாள் ஞாபகம் வந்தது. காபித் தட்டோடு வந்த பெண்ணைப் பார்த்து நெஞ்சு அடித்துக்கொண்டது. பெயர் என்ன என்று கேட்டார்கள், வெட்கத்தில் அவள் உடனே சொல்லவில்லை, மறுபடி கேட்டதும் சொன்னாள். பிடித்துப்போனது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி, "பொண்ணுக்குக் காது கொஞ்சம் மந்தமாட்ட இருக்குதுங்களே" என்று சொன்னார். சொன்னது அவர்தான். அவள் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்குப் போனார். கலாமணி மஞ்சள் சேலை கட்டியிருந்தாளோ என்னவோ, அவருக்குச் சாம்பல். நெற்றியில் இருந்த குங்குமம் சாம்பல். அவள் ஏதோ சொன்னாள். வழக்கமாக வருகிற "ஆங்?" அன்றைக்கு அவர் வாயிலிருந்து வரவில்லை. இத்தனை வருஷமாக இவள் என்னென்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்ததும் நாச்சிமுத்து பயந்துபோனார், அழுகையும் வந்தது. தலை சரிந்திருந்ததால் கண்ணீர் காதுக்குள் போனது.

ஆடி முடிகிற அன்றைக்குப் பெருந்துறைக்காரர் ஒருவர் சாயங்காலம் வந்து லேப்டாப்பை எடுத்துக்கொள்வதாக ஜாபர் பாய் போன் பண்ணினார். கலாமணி பென்டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு கையில் டீ பிளாஸ்க்கும் மறு கையில் புருஷன் தலையுமாகப் பஸ் ஏறினாள். ரங்கசாமியும் கூட ஏறினார். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டாமா என்றார்.

கலாமணி லேப்டாப்பைத் திறந்து பென்டிரைவைச் சொருகி, தன் டிசைனைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள். சாம்பல் கட்டங்கள்தான் தெரிந்தன.

"ஒரே வார்த்தைங்ணா" என்றார் ஜாபர் பாய். "புடிச்சிருக்குதா இல்லியா? மனசுல இருக்கறதச் சொல்லிப்போடுங்க. பொய்யில வந்தது நெசத்துலதான் போகோனும்."

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். பரம்பரை பரம்பரையாக மாட்டுச் சந்தையில் ஊறின நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் அப்பா, அவருக்கு அப்பா, எல்லாரும் துண்டுக்குள் விரலைப் பிடித்தபடி வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுவது தெரிந்தது. கலாமணி பிளாஸ்க்கைத் திறந்து ஒரு டீ கொடுத்தாள்.

"சொல்லுங்க மாப்ள" என்றார் ரங்கசாமி. "கூச்சமா இருந்தா நாங்க அக்கட்டால திரும்பிக்கறோம்." அவரும் ஜாபர் பாயும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

"கீலு..." என்றார் நாச்சிமுத்து. "கீலு நல்லாத்தான் இருக்குதுங்க."

தலை நிமிர்ந்து நின்றது.

"பேட்டரியும் நல்லாருக்குது." உடம்பு விறைத்தது, அவர் எழுந்தே நின்றுவிட்டார். "கலரு... இந்த மாதர கலரு நாம் பாத்ததே இல்லீங்க."

திரையில் நிறங்கள் வந்தன. கிளிப்பச்சைக் கட்டத்துக்குள் ஒரு தேங்காய், மஞ்சள் கட்டத்துக்குள் ஒரு சிலிண்டர், நீலத்தில் குடை, எண்ணெய்த் தூக்கு, சோப்பு, சாவி. அவர் சட்டைப்பையில் கசக்கிப்போட்ட காலண்டர் தாள்கள் எல்லாம் ஒன்றும் விட்டுப்போகாமல் வரிசையாக ஓடின. குங்குமச் சிவப்பில் பார்டர். பார்டர் முழுக்க, தலைகீழாக ஒரு ஆள். மீசையைப் பார்த்தால் யார் என்று யாருக்கும் தெரியும்.

"இதும் நல்லாருக்குது" என்றார் நாச்சிமுத்து. பிறகு சுவரைப் பார்த்து நின்ற இரண்டு பேருக்கும் கேட்கும்படி, பெண் பார்க்கப் போன அன்றைக்குச் சொன்ன அதே உரத்த குரலில் சொன்னார்: "கலாமணி, அன்னிக்கு உனக்குக் காது நல்லாத்தான் கேட்டுது. எனக்கு உன்னையப் புடிச்சுப்போச்சு. அதனாலதான் அப்படிச் சொன்னேன்."

கலாமணி அவரைப் பார்க்கவில்லை. பென்டிரைவைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டே, இத்தனை வருஷப் பழக்கத்தில், கேட்காது என்ற தைரியத்தில், வழக்கம்போல வாய்க்குள் சொன்னாள்: "இதச் சொல்றதுக்கு இத்தன வருசம். கூறுகெட்ட மனுசன்."

மிக்ஸிச் சத்தம் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. குரல் கொஞ்சம் கரகரப்பாக, அடியில் ஒரு சிரிப்போடு இருந்தது.

ஜாபர் பாய் சொன்ன விலையை நாச்சிமுத்து மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்ததும் பாய்தான் பின்வாங்கினார். "கொஞ்சம் கொறச்சுக் கேளுங்களேன்" என்று கெஞ்சினார். "இப்படி வாங்கினா எனக்கு ஒரு மாதர இருக்குதுங்ணா." முதல் வாரத்து விலைக்கு அவரே இறங்கினார். நாச்சிமுத்து மீதியை வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவருக்குக் காது வந்துவிட்டது என்று தெரிந்துகொண்ட கலாமணி, ராத்திரியே டிசைனைச் சரிபார்த்துக் கரூருக்கு அனுப்பிவிடலாம் என்ற தெம்பில், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஈரோட்டிலிருந்து சென்னிமலை வரை அவருடைய குறைகளைச் சொன்னாள். கஞ்சத்தனம், குறட்டை, வீம்பு, ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுவது, அவள் அக்காள் கல்யாணத்தில் சாம்பாரைப் பற்றிச் சொன்னது, சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. ரங்கசாமி பின் சீட்டிலிருந்து எட்டி எட்டி அவளைப் பார்த்துக்கொண்டே வந்தார், எது வந்து அவள்மேல் உட்காருமோ என்று. கழுத்து நேராகத்தான் இருந்தது. கண் தெளிவாகத்தான் இருந்தது. ஊர் எல்லை வந்த பிறகும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது, பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். நாச்சிமுத்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "உன்ற குரலு நல்லாருக்குது கலாமணி" என்றார்.

"ஆங்?" என்றாள் கலாமணி.

அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, சொன்னார்.